திரும்ப வாங்கிய சங்கிலி

21.8.74, புதன்

கணவர் தேறி எழுந்து உட்கார்ந்த நன்றிக்கு, போன ஞாயிறு என் சங்கிலியைக் காணிக்கைப் பையில் போட்டேன். நேற்று மறுபடியும் இருமலில் இரத்தம் வந்துவிட்டது. கையில் வேறு எதுவும் இல்லை. இன்று போதகரிடம் போய்ச் சங்கிலியைத் திருப்பிக் கேட்டேன்.

"எதுக்கு டீச்சர் அழுவுறீங்க? எடுத்துகினு போங்க. ஆண்டவரு இன்னா, நகையா போட்டுக்கப் போறாரு?" என்று அலமாரியைத் திறந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கணவரிடம் சொல்லவில்லை. மாலை ஜெபத்தில் அவர் படுத்தபடியே, தங்கத்தைவிட உம்மைப் பெரிதாக நினைக்கிற மனைவியைத் தந்தீரே, ஸ்தோத்திரம் என்றார். எனக்கு ஆமென் வரவில்லை.

நாளைக் காலை குன்றத்தூரில் சங்கிலியை அடகு வைத்து, அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆண்டவரே, கொடுத்ததை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். நீரும் அப்படிச் செய்துவிடாதேயும்.