மூட்டை தூக்கிய மூச்சு

பேச்சாயி,

போனில் பேசினால் செம்பட்டியில் மருமகன் காதில் விழும். எனக்கு எழுத வராது; அதனால் ஆஸ்பத்திரியில் என் மலச்சிக்கலுக்குப் பயிற்சி தரும் பெண்ணையே எழுதச் சொன்னேன். நீ மட்டும் படி.

"மூட்டை தூக்குற மாதிரி மூச்சப் புடிச்சு இறுக்குனா எப்புடிப் போகும், தாத்தா?" என்று அதட்டுகிறாள். மார்க்கெட்டில் சுமை தூக்கிய உடம்பு, முக்கினாலே இறுகுகிறது. இப்போது வயிற்றைத் தேய்த்து, மெல்ல மூச்சுவிட்டு, தளர்ந்து உட்காருகிறேன். இந்த வாரம் மாத்திரையில்லாமலே போகிறது.

ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. பேத்தி காதுகுத்துக்கு நான் வரமாட்டேன் என்றதும் நீ மட்டும் செம்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாய். மகள் வீட்டில் ஒரே கக்கூஸ். விருந்தாளி எவனாவது கதவைத் தட்டினால் எனக்கு மறுபடியும் இறுகிவிடும். அதுதான் பயம்.

இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுகிறேன். மறுநாள் விசேஷத்தன்று காலையில் நான் உள்ளே போனதும், கதவோரம் உட்கார்ந்து நீ வெங்காயம் உரி. யார் வந்தாலும் தட்ட விடாதே.

உன் வீட்டுக்காரன்