பக்கத்து வீட்டுக்காரர் பெயர்

ஜூலை 9, புதன் இரவு

சனிக்கிழமை எல்லோரும் நாகர்கோவில் போகிறோம். வீடு நான்கு நாள் பூட்டிக் கிடக்கும். ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்க்கட்டும் என்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் காவலர் முகவரியைக் குறித்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுக்காரர் பேரு, நம்பர் சொல்லுங்க மேடம்" என்றார்.

ஊரப்பாக்கம் வந்து ஆறு வருஷம். பெயர் தெரியாது.

"நாங்க ராத்திரி ரெண்டு தடவைதான் வர முடியும். மத்த நேரம் அவங்கதானே பாக்கணும்? கேட்டுட்டு வாங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

திரும்பி வந்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் தட்டினேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெயர் செல்வமாம். நம்பரும் கொடுத்தார். "தைரியமா போய்ட்டு வாங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்." நான் டீச்சர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு எங்கள் மாடிக் கேமராவைக் காட்டிச் சிரித்தார். "எனக்கு தினம் நைட் டூட்டி. வூட்ல அவ தனியாத்தான் இருப்பா. டீச்சர் வூட்டு கேமரா நம்ம கேட்டைப் பாத்துகினு கீது, பயப்படாதேன்னு சொல்லிட்டுப் போவேன்."

நான் தலையாட்டினேன்.

ராத்திரியில் போகிறார், விடிகாலையில் வருகிறார், என்ன ஆளோ என்று அந்தக் கேமராவை அவர் கேட்டுக்கு நேராக வைக்கச் சொன்னதே நான்தான்.

கணவரிடம் சொன்னேன். நாளைக்கே தெருப் பக்கம் திருப்பிவிடலாம் என்றார்.

வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன்.