பால்குடத்துக்குப் பருத்திச் சேலை

2025 ஏப்ரல் 18, வெள்ளி

ஜமுனாமரத்தூர் போய்வந்ததற்கே முதுகெல்லாம் வேர்க்குரு. மலைமேல் இருக்கிறோம் என்று பேர்தான். இனி வருஷா வருஷம் சூடு கூடுமாம், செய்தியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் உடுப்பும் மாறத்தானே வேண்டும்?

கோயிலில் பெண்கள் கூடினோம். பால்குடத்துக்கு எல்லாருக்கும் சேலை எடுப்பதும் அதன் கணக்கும் என் பொறுப்பு. போன வருஷம் மஞ்சள் பாலியஸ்டர் சேலை கட்டிப் பால்குடம் எடுத்த என் மகள் சுவேதா பாதி வழியில் மயங்கி விழுந்தாள். விரதத்தில் குறை என்றார்கள். ஒரு குறையும் இல்லை, கூடவே இருந்தவள் நான். இந்த வருஷமும் எடுப்பதாக வேண்டியிருக்கிறாள்.

பருத்தி எடுக்கலாம் என்றேன். நாத்தனார் தேவயானி, "இன்னா அண்ணி, கஞ்சிச் சேல வெறச்சிக்கினு ஆத்தா முன்னால தட்டி மாதிரி போவணுமா?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இனி எது நடந்தாலும் என் தலையில்தான்.

ஏப்ரல் 24

வாணியம்பாடியில் சுத்தப் பருத்தியில் மஞ்சள் இல்லை. மெல்லிய வெள்ளை எடுத்துவந்தோம். மஞ்சளில் நாங்களே முக்கிக்கொள்ளலாம்.

ஜாக்கெட் நான் தைக்கிறேன். உள்துணி கிடையாது. கை தொளதொள. முதுகில் அகலத் திறப்பு, நாடா. பழையதைப் பிரித்துப் பார்த்தே கற்றவள், இப்படி வெட்டியதில்லை. சுவேதா போட்டுப்பார்த்து, "ஜாக்கெட்டா இது? அப்பா சட்ட மாதிரி கீது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மறுபடி விழுந்தால்?

மே 4

கஞ்சி போக சலவைச் சோடாவில் ஊறவைத்து, அலசி, மஞ்சளில் முக்கினேன். எல்லாச் சேலையும் திட்டுத்திட்டாகச் சிவந்துபோயிற்று.

"ஆரத்தித் தண்ணியிலயா முக்குன?" என்றாள் தேவயானி. அவள்கூடச் சிரிக்கவில்லை.

ஆத்தா, உனக்குப் பிடிக்கலியா? நான் இன்னா தப்பு பண்ணேன் — வழக்கத்த மாத்துனது தப்பா? பொண்ணு வுழக் கூடாதுன்னுதானே...

சாயங்காலம்

ஆரத்தி என்றாளே. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. சோடாவும் அப்படித்தானோ? அந்தக் காரத்தைப் புளிப்பு முறிக்குமோ, புளித்தண்ணீர் விட்டால்? ஒரு முந்தானையை மட்டும் நனைத்தேன். சிவப்பு விட்டு மஞ்சள் திரும்பியது. தேவயானி அடுத்த சேலையைப் பிரித்துக் கொடுத்தாள்.

மே 9, வெள்ளி

அபிஷேகம் முடிந்து வீடு வந்தோம். சுவேதா தூங்குகிறாள்.

கிளம்பும்போதே தார் ரோடு கொதித்தது. பெண்கள் கால் மாற்றி மாற்றி வைத்தார்கள். நான் குடையும் தண்ணீருமாக சுவேதாவை ஒட்டியே நடந்தேன். ஏற்றத்தில் அவள் நடை மெதுவானது. இன்னும் நெருங்கி, தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினேன்.

தலையில் குடம், திரும்பாமலே சொன்னாள்: "யம்மா, கொஞ்சம் தள்ளிப் போ. காத்து வருது, நீ மறைக்கிற."

தள்ளிப் போனேன்.