தீட்டில் நட்ட கேழ்வரகு

என் ராசாத்தி அக்காவுக்கு,

நீ போன அன்று மழை வந்தது. ஆடி முழுக்க நீ அண்ணாந்து பார்த்துக் காத்திருந்த அதே மழை. நாற்றங்காலில் உன் கேழ்வரகு ஒரு சாண் உயரத்தில், பிடுங்கி நடும் பதத்தில் நின்றது. உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பச்சைதான் கண்ணில் பட்டது.

மறுநாள் நாற்றுப் பிடுங்கப் போனேன். பெரியப்பா வரப்பில் மறித்தார்.

"அவளை மூடின மண்ணுகூட காயல. அதுக்குள்ள நடவா? ஊரு இன்னா சொல்லும்?"

"நாத்து முத்திப் போய்டும் பெரிப்பா."

"முத்தட்டும். கருமாதி ஆவட்டும், எல்லாரும் வந்து நட்டுத் தர்றோம். அவளுக்கு நாம காட்ற மருவாதி."

மரியாதையாம். நீ காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் சொல்லப் புதூர்நாடு வரை என்னைத் தவிர யார் ஓடினார்கள்? காறித் துப்ப வாய் நிறைய எச்சில் ஊறியது. பெரியவர் என்று விழுங்கிக்கொண்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் நீ சேர்த்து வைத்த மாவில் களி கிண்டித் தின்றார்கள். "கை சுத்தமான பொம்பள" என்று ஏப்பம் விட்டார்கள். அந்தப் பந்தியிலிருந்து மாமா பாதியில் எழுந்து வந்தார். உன் புருஷன் அதிகம் பேசாதவர், உனக்குத் தெரியாதா? "வாடா" என்று மட்டும் சொன்னார்.

பாறைக்குப் பின்னால், தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும் அந்தச் செம்மண் சரிவில் இரண்டு பேரும் நட்டோம். அவர் அழுதுகொண்டே நட்டார். மிச்சக் காட்டை ஊர் கண்ணிலிருந்து மறைக்கப் பாறை இல்லை. நாற்றங்காலில் மீதி நாற்று கணு விட்டு மஞ்சளடித்தது.

கருமாதி முடிந்ததும் சொன்னபடியே கூட்டமாக வந்து நட்டார்கள். முற்றின நாற்று தூர் கட்டுமா அக்கா? முழங்கால் உயரத்திலேயே கதிர் தள்ளியது. தட்டினால் பாதி பதர். சரிவில் மட்டும் கதிர்கள் மூடின கைபோல் கனத்து நின்றன.

பெரியப்பா காட்டைச் சுற்றிப் பார்த்தார். "அவ கைராசியும் அவளோட போய்ட்ச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் முற்றவிட்ட நாற்றுக்கு, செத்துப்போன உன்மேல் பழி. சே, என்ன மனுஷர்கள். அவர் உட்கார்ந்து எழுந்த கல்லில் உட்காரக்கூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று அவரே வந்தார்.

"பாறைக்குப் பின்னால வந்த கதிர்ல வெதைக்குக் கொஞ்சம் குடுடா. அது மட்டும் எப்டி வெளஞ்சுது?"

மாமா என் முகத்தைப் பார்த்தார்.

"தீட்டுல நட்டது பெரிப்பா. வேணுமா?"

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார்.

போட்டேன். உன் விதையை முடக்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் முடிச்சுப் போடும்போதே சொல்லிவிட்டேன்: நாற்று நிற்கும் நாளில் நான் செத்தால், முதலில் நடவு, அப்புறம்தான் என் பிணம். அதுவரை மழை விழுந்த மறுநாள், யார் வீட்டில் என்ன ஆனாலும், உன் நாற்று மண்ணில் இருக்கும் அக்கா.

உன் முதுகில் தூங்கி வளர்ந்த தம்பி,
சடையன்