ஐம்பது, இருட்டு, ஐம்பது

அக்கா,

நேற்று பிளாட் புஷ்ஷில் மகளின் புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்தபோது உங்கள் மேசை விளக்கு வந்தது. கூடவே அந்தக் கனத்த டிரான்ஸ்பார்மர் பெட்டியும். மகள் இணைத்து, சுவிட்சைத் திருகிப் பார்த்தாள். "அம்மா, திஸ் இஸ் புரோக்கன்." பாதிதான் பழுது என்றேன். சூடேறிய தூசியின் மணம் எழுந்ததும் நாங்கள் முதலில் குடியிருந்த பக்குரங்கா வீடு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது எதிர்வீட்டில் நீங்கள், ஈப்போக்காரர். உங்கள் கணவர் அமெரிக்காவில் படித்துவிட்டுக் கொண்டுவந்த விளக்கு இது. இந்த நாட்டுக் கரண்டில் நேரே செருகினால் பல்ப் கருகிவிடும், அதற்குத்தான் அந்தப் பெட்டி. பல்பின் மேல் 50-100-150 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே மூன்று இழை என்று நினைத்தேன்.

"ரெண்டுதான்லா," என்றீர்கள். "ஒண்ணு அம்பது வாட், இன்னொண்ணு நூறு. முதல் திருகுக்கு அம்பது, அடுத்ததுக்கு நூறு மட்டும், மூணாவதுக்கு ரெண்டும் சேர்ந்து நூத்தம்பது. நாலாவதுக்கு அணைஞ்சிரும்."

கழற்றி அடிப்பக்கத்தையும் காட்டினீர்கள். நடுவில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி ஒரு வளையம், ஒவ்வோர் இழைக்கும் ஒன்று.

அன்று உங்கள் வீட்டிலிருந்து இருவரும் கடைக்குப் புறப்படும்போது, "லைட்டை நூருங்கோ அக்கா," என்றேன். நீங்கள் கவனமாக நூறில் வைத்துவிட்டு நின்றீர்கள். எங்களுக்கு நூர்ப்பது என்றால் அணைப்பது. "நூறுன்னா நூறுதானே?" என்று கோபமாகவே கேட்டீர்கள். பிறகு ஒரு மாதம் என்னைக் கண்டாலே "என்ன, நூறா?" என்று கேலிதான்.

நான் நிறைமாதமாக இருந்த குளிர்காலம் அது. என் கணவருக்குப் பின்னேர வேலை. எங்கள் வீட்டுக்கு டெலிபோன் இன்னும் வரவில்லை. நீங்கள் விளக்கைக் கொண்டுவந்து என் ஜன்னலில் வைத்தீர்கள். ஐம்பது என்றால் சுகம், நூறு என்றால் நேரம் கிடைக்கும்போது வாருங்கள், நூற்றைம்பது என்றால் உடனே வாருங்கள். ஒவ்வொரு நாளும் இருட்டத் தொடங்கியதும் ஐம்பதில் வைத்துவிட்டு உட்காருவேன்.

வலி வந்த அன்று எழுந்து இரண்டு முறை திருகினேன். முதல் திருகில் விளக்கே நின்றுவிட்டது. அடுத்ததில் எரிந்தது, ஆனால் அதே மங்கல் வெளிச்சம். நூறு வாட் இழை அறுந்திருந்தது எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: தெருவுக்கு அப்பால் நீங்கள் பார்த்தால் எனக்குச் சுகம் என்று நினைப்பீர்கள். மறுபடி திருகத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு பயம்.

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் பின்கதவால் வந்தீர்கள்.

"அக்கா, நூந்துபோச்சு..."

"ஆமா, நூறுதான் போச்சு. பாத்திரம் கழுவிக்கிட்டே பார்த்தேன். அம்பது, இருட்டு, மறுபடி அம்பது. அம்பதுக்குப் பின்னால இருட்டு வராதுலா, நூறு வரணும். எழுந்திரு, கார் வெளியிலதான் நிக்குது."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் மகள் பிறந்தாள். கொடி சுற்றியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை தப்பியிராது என்று மருத்துவச்சி சொன்னதை நீங்கள்தான் எனக்குத் தமிழில் சொன்னீர்கள்.

நேற்று மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். போன மாதம் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அன்று காலையில் போனில் உங்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன்லா," என்றீர்கள். பிறகு சத்தமே இல்லை. பிறகு மறுபடி, அதே குரலில், "நல்லா இருக்கேன்."

நான் வேறெதுவும் கேட்கவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டேன். மத்தியானம் உயிர் போகும்போது உங்கள் கை என் கைக்குள் இருந்தது.