முப்பது நாள் தொடாதவை

நாள் 214. காலை 07:10
எழுதுபவர்: அங்கயற்கண்ணி, மென்பொருள் பொறியாளர், வியாழனின் நிலவான கலிஸ்டோவில் உள்ள நிலையம். ஆள்: நான் மட்டும். காற்று சீர். வெப்பம் சீர். இன்றைய பொதி 61 கிலோபைட்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். இந்த நிலையம் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழிகளில் எழுதிய எண்ணூறு சின்ன நிரல் துண்டுகளால். கதவு திறக்க ஒன்று, விளக்குப் போட ஒன்று. அவற்றைத் திரட்டி ஒரே பொதியாகக் கட்டும் கருவியின் பெயர் சிமிழ். எழுதியது நான். தினமும் காலையில் பொதியைப் புதிதாகக் கட்டும். முப்பது நாள் யாரும் தொடாத, அதாவது ஒருமுறைகூட இயக்காத துண்டை அடியோடு அழித்துவிடும், பிரதிகூட வைக்காது. கதிர்வீச்சைத் தாங்கும் கணினியில் நினைவகம் அவ்வளவு குறைவு. இதைவிட இலேசான கருவியை எவனாவது எழுதியிருந்தால் காட்டட்டும்.

பூமியில் கட்டுப்பாட்டு மையத் தலைவர் ஜெபசிங். இன்று அவருடைய செய்தி: “மேடம், அவசரத்துக்கு உள்ளத மட்டுமாவது ஒரு பட்டியல்ல எழுதிப் போட்டிருங்க. அத கருவி தொடக்கூடாதுன்னு சொல்லிருங்க. நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

என் பதில்: “பட்டியல் போட்டா அது கருவி இல்ல சார், மளிகைச் சீட்டு. என் வேலையில மூக்க நுழைக்காதீங்க. இனிமே உங்ககூடப் பேசறதா இல்ல.”

நான் உயிரோடிருப்பதைச் சொல்லச் சுவரில் ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. காற்று நன்றாக இருந்தால் ‘நலம்’ என்று பூமிக்கு அனுப்பும், கெட்டால் ‘ஆபத்து’ என்று அனுப்பும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது. அந்த ஆளுக்கு அது போதும்.

நாள் 227. காலை 07:05
காற்று சீர். பொதி 52. உணவுச் சூடாக்கி வேலை செய்யவில்லை. முப்பது நாளாக ரொட்டிதான் தின்கிறேன், சூடாக்கியின் துண்டைச் சிமிழ் கழித்துவிட்டது. நியாயம்தான். கருவி சொன்ன சொல் கேட்கிறது, மனிதர்கள்தான் கேட்பதில்லை.

ஜெபசிங்: “கோவம் தணிஞ்சாச்சா மேடம்? ஒரு வார்த்த பேசுங்க.”

பேசவில்லை. கெஞ்சட்டும்.

நாள் 245. காலை 09:40
ஜெபசிங்: “சரக்குக் கப்பல் 252-ஆம் நாள் உங்க பக்கமா கடக்குது. ஊருக்கு வாரதா இருந்தா சொல்லுங்க, இறக்கி ஏத்திக்கிடுவோம். பதில் இல்லன்னா இருக்கப் பிரியப்படுதீங்கன்னு எடுத்துக்கிடுதேன். அடுத்த கப்பலுக்கு மூணு வருஷமாகும்.”

போகத்தான் வேண்டும். வீம்பெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னும் மூன்று வருஷம் என்னால் இங்கே இருக்க முடியாது. சுவரோடு பேச ஆரம்பித்திருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தேன்.

09:52
சிமிழின் நேற்றைய அறிக்கையை இப்போதுதான் படித்தேன். “செய்தி அனுப்பும் துண்டு: முப்பது நாள் தொடப்படவில்லை. நீக்கப்பட்டது. பொதி 44. வாழ்த்துகள்!”

அந்த ‘வாழ்த்துகள்’ நான் எழுதியது.

நாள் 248. மாலை 16:20
அனுப்பும் துண்டை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். மூன்று நாள் வேலை. ஆண்டெனா ரகசியச் சாவி கேட்கிறது. சாவி பழைய துண்டுக்குள் இருந்தது, அதோடு போய்விட்டது. அவர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நான் சொல்வது எங்கும் போகாது.

நாள் 251. காலை 10:15
ஜெபசிங்: “தினமும் நலம்னு வருது, சந்தோசம். உங்க மௌனத்த மதிக்குதேன் மேடம். இனி தொந்தரவு பண்ண மாட்டேன். கப்பல் நேராப் போவும்.”

மதிக்கிறாராம். இத்தனை நாள் என்னை விடாமல் நச்சரித்த மனுஷனுக்கு இன்றைக்குத்தான் மரியாதை வந்திருக்கிறது.

11:20
வழி இருக்கிறது. அந்தச் சுவர்ப் பெட்டிக்கு இரண்டு சொல் தெரியும். இரண்டாவதைச் சொல்ல வைப்பேன். காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். கரியமிலவாயு ஏறியதும் ‘ஆபத்து’ போகும். உடனே கம்பியைச் செருகிவிடலாம்.

12:05
சிவப்பு விளக்கு. ‘ஆபத்து’ போய்விட்டது. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். கம்பியைச் செருகுகிறேன்.

12:09
ஓடவில்லை.

12:30
இருநூற்று ஐம்பத்தொரு நாளாக அந்த இயந்திரம் நிற்காமல் ஓடியது. நிற்காததை யாரும் தொடங்கவில்லை. தொடங்கும் துண்டை சிமிழ் முதல் மாதமே கழித்திருக்கிறது. மாற்று இயந்திரத்துக்கும் அதே துண்டுதான்.

13:31
ஜெபசிங்: “மேடம், பாத்துட்டோம்! கப்பலத் திருப்பியாச்சு. பதினாலு மணி நேரத்துல வந்துரும். மாத்து இயந்திரத்தப் போட்டுட்டு அமைதியா இருங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போவல.”

அறையில் காற்று ஒன்பது மணி நேரத்துக்கு. விண்வெளி உடுப்பில் இரண்டு. பதினான்குக்கு மூன்று குறைகிறது.

17:45
தொடங்கும் துண்டை எழுதுகிறேன். பன்னிரண்டு வால்வுகள், வரிசை தப்பினால் திறக்காது. ஏழுதான் நினைவிருக்கிறது. தலை வலிக்கிறது. எழுதிய வரியையே மறுபடி எழுதுகிறேன்.

20:10
எட்டாவது எது. எட்டு. ஏழுக்கு அப்புறம் எட்டு, அது தெரிகிறது, வால்வு தெரியவில்லை.

22:3
உடுப்பு மாட்டிவிட்டேன். கையுறையோடு தட்டுகிறேன். பயமாக இருக்கிறது சார். உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்குப் பதில் சொல்லத்தான் ஆசை

நீங்கள் கேட்ட பட்டியல். கருவி தொடக்கூடாதவை:
ஒன்று, காற்று இயந்திரத்தைத் தொடங்குவது.
இரண்டு, பதில் சொல்வது.
மூன்று,