பாதிக் கூரை போதும்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. சலவைக் கடைச் சாவி வழக்கமான ஆணியில். விடுதிக்குப் போர்வைகளைக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்துவிடுவேன். அதற்குள் சோலார்க்காரர் வருவார்.

நேற்று நீங்கள் முறைத்துக்கொண்டு எழுந்து போன பிறகு கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கூரை முழுக்கச் சோலார் தகடு போட்டால் போட்ட முதல் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும். "அதுக்குள்ள மெஷினே மாத்தணும்" என்று நான் சொன்னது தப்பில்லை. கரண்ட் போகும்போது ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் செலவு குறையும் என்று நீங்கள் சொன்னதும் தப்பில்லை. ஆனால் மழைக்காலத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும்.

போன வாரம் அது ரிப்பேராகிக் கிடந்தபோது இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது. அப்போதுதான் பாப்பா தன் ஜன்னலைத் திறந்து வைத்துப் படித்தாள். ஜெனரேட்டர் புகை நேராக அங்கேதானே போகிறது. "அம்மா, இன்னைக்கு இருமலே வரல, பாத்தியா?" என்றாள். அதற்கு என்ன விலை போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் பாதிக் கூரைக்குக் கையெழுத்துப் போடுங்கள். வெயில் நேரத்தில் மெஷின்கள் அதில் ஓடிவிடும், கடனும் வாங்க வேண்டாம். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

பி.கு.: அவர் முழுக் கூரைக்கும் பேசிப் பார்ப்பார். நீங்கள் தலையாட்டுவீர்கள். ஆட்டாதீர்கள்.

இன்னொன்று: ஜெனரேட்டரைப் பின்சுவர்ப் பக்கம் மாற்றிவைக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அதற்கு மட்டும் பேரம் பேச வேண்டாம்.